ரசிகப்ரியாவுக்கு ஏன் இத்தனை பயம்?

மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டு. மார்கழி சாயங்காலம். கையில் சுண்டல் பொட்டலம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் முகத்தில் மட்டும் செமஸ்டர் ரிசல்ட் வந்த மாதிரி ஒரு இருட்டு.

"என்னாச்சு?"

"பாட்டி பாடக்கூடாதுன்னுட்டாங்கடா."

விஷயம் இதுதான். ஜனவரியில் அடையாறு பக்கம் ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ். கர்னாடிக் சோலோ போட்டியில் அவள் பேர் கொடுத்திருந்தாள். எல்லாரும் பாடுகிற கல்யாணி, மோகனம் வேண்டாம், கேட்டதும் ஜட்ஜ் நிமிர்ந்து உட்காரணும் என்று அவள் தேர்ந்தெடுத்தது ரசிகப்ரியா. கோடீஸ்வர ஐயரின் 'அருள் செய்ய வேண்டும்'. யூடியூபில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணி, தி.நகர் வீட்டு ஹாலில் சுருதிப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து முதல் வரியை எடுத்ததும், அடுக்களையிலிருந்து பாட்டி வந்து பெட்டியை ஆஃப் பண்ணிவிட்டார்.

"விவாதி ராகம்டி. வயசுப் பொண்ணு, பரீட்சை வேற வருது. வீட்டுக்கு ஆகாது. வேற எதாவது பாடு!"

நமக்கோ சங்கீத ஞானம் சினிமாப் பாட்டோடு சரி. ஆனாலும் ஒரு சந்தேகம் குடைய ஆரம்பித்தது. ஏழு சுரத்தை வரிசையாகப் பாடினால் ஒரு வீட்டுக்கு எப்படி ஆகாமல் போகும்? அதில் அப்படி என்னதான் இருக்கிறது? விசாரிக்கக் கிளம்பினோம்.

நாலு கட்டை, ரெண்டு சீட்டு

செல்போனில் ஒரு பியானோ ஆப் இருக்கிறதா? திறங்க பாஸ். தியரியே இல்லாமல் பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

'சி' என்கிற வெள்ளைக் கட்டைதான் நம்ம ஸ. 'எஃப்' சின்ன ம. இந்த ரெண்டுக்கும் நடுவில் கறுப்பும் வெள்ளையுமாக நாலு கட்டை இருக்கும். ரி, க என்ற ரெண்டு சுரமும் இந்த நாலில்தான் உட்கார வேண்டும். நாலில் ரெண்டைப் பொறுக்கினால் எத்தனை விதம்? பிளஸ் டூ கணக்கு... ஆறு! அதே மாதிரி ப-வுக்கும் மேல் ஸ-வுக்கும் நடுவில் நாலு கட்டை. அதில் த, நி உட்கார ஆறு விதம். ம-வில் சின்னது, பெரிசு என்று ரெண்டு. ஆறை ஆறால் பெருக்கி, ரெண்டால் பெருக்குங்கள். 72. அவ்வளவுதான் மேட்டர்! கர்னாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்கள் என்கிறார்களே, அது இந்தப் பெருக்கல் கணக்குதான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் வேங்கடமகி. 17-ம் நூற்றாண்டில், தஞ்சை நாயக்கர் காலத்தில், 'சதுர்தண்டி பிரகாசிகை' என்ற நூலில் எழுதி வைத்தார். இதில் கிக்கான சமாச்சாரம் என்ன தெரியுமா? அவர் காலத்தில் இந்த 72-ல் புழக்கத்தில் இருந்தது வெறும் 19. மிச்சம் 53-ம் காலி மனை! என்றைக்காவது யாராவது வந்து வீடு கட்டுவார்கள் என்று லே-அவுட் போட்டு வைத்த மாதிரி.

சரி, விவாதி எங்கே வருகிறது? ஸ-வை ஒட்டி இருக்கிற முதல் ரெண்டு கட்டையிலேயே ரி, க ரெண்டும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் விவாதி. இல்லையென்றால், ம-வை ஒட்டின கடைசி ரெண்டு கட்டையில் ஒட்டிக்கொண்டாலும் விவாதி. ஆறு ஜோடியில் இந்த ரெண்டு ஜோடிதான் வில்லன். த, நி பக்கத்திலும் இதே கதை. ரெண்டு பக்கமும் வில்லன் இல்லாத ராகம் எத்தனை? நாலு பெருக்கல் நாலு பெருக்கல் ரெண்டு, 32. ஆக, 72-ல் 40 ராகம் விவாதி. மெஜாரிட்டியே அவங்கதான் மச்சி!

முதல் மேளமான கனகாங்கியில் எல்லாரும் கீழே நெருக்குவார்கள். கட்டை சொல்கிறேன், தட்டிப் பாருங்கள்: சி, சி ஷார்ப், டி, எஃப், ஜி, ஜி ஷார்ப், ஏ. கடைசி மேளமான ரசிகப்ரியாவில் எல்லாரும் மேலே நெருக்குவார்கள்: சி, டி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ ஷார்ப், பி. முதல் ராகமும் விவாதி, கடைசி ராகமும் விவாதி.

29சி பஸ் மாதிரி

இப்போது காதில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கனகாங்கியைத் தட்டும்போது முதல் மூணு சுரம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வரும். அப்புறம் திடீரென்று ஒரு பெரிய தாவல். காலை எட்டரை மணி 29சி பஸ் ஞாபகம் வருகிறதா? படிக்கட்டில் பத்துப் பேர் தொங்குவார்கள். 'உள்ள போங்கப்பா, நடுவுல காலியா இருக்கு'ன்னு கண்டக்டர் கத்துவார். அதே சீன்தான். ஓரத்தில் நெரிசல், நடுவில் காலி.

கல்யாணி, கரகரப்ரியா மாதிரி ராகங்களில் சுரங்கள் ஓரளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கும். கரகரப்ரியாவிலும் ரி, க அடுத்தடுத்த கட்டைதான். ஆனால், அந்த ஜோடிக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு கட்டை காலி. மூச்சு விட இடம் இருக்கிறது. விவாதியில் அது கிடையாது.

"அப்போ தாவல்தான் பிரச்னையா?" என்று மந்தைவெளியில் ஒரு பாட்டு வாத்தியாரிடம் கேட்டோம். சிரித்துவிட்டார்.

"குழந்தைக்கு முதல்ல என்ன ராகம் சொல்லித் தரோம்? மாயாமாளவகௌளை. அதுல ரி-லேர்ந்து க-வுக்கு அதே பெரிய தாவல் இருக்கு. நி, ஸ, ரி மூணும் அடுத்தடுத்த கட்டைதான். சரளி வரிசை பாடற அஞ்சு வயசுக் குழந்தைக்கு அது கஷ்டமாவா இருக்கு?"

அட, ஆமாம்ல! அப்போ வித்தியாசம் எங்கே?

அவர் சொன்னது இது. மாயாமாளவகௌளையில் நெருக்குகிற மூணில் நடு ஆள் ஸ. ஸ என்பது வீடு. நி-யும் ரி-யும் ரெண்டு பக்கத்துத் திண்ணை மாதிரி. எங்கே போனாலும் வீட்டுக்குள் வந்து உட்காரலாம். கனகாங்கியில் நெருக்குகிற ஸ, ரி, க மூணில் நடு ஆள் ரி. அதில் போய் ரொம்ப நேரம் நிற்க முடியாது, ஸ பிடித்து இழுக்கும். அந்தப் பக்கம் க இடிக்கும். பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரு தவிப்பு வருவது அதனால்தான்.

ரெண்டாவது காரணம், நம்ம ஊர் கமகம். மேற்கத்திய இசையில் ஒரு சுரத்தை நேராக நிறுத்திவிடுவார்கள். நாம் அப்படி இல்லை. தோடியில் க-வைக் கேட்டிருப்பீர்கள், ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆடுவதற்கு இடம் வேண்டும் இல்லையா? ஒட்டி உட்கார்ந்திருக்கிற ரி-யை ஆட்டினால் அது க ஆகிவிடும். க-வை ஆட்டினால் ரி ஆகிவிடும். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கனகாங்கியின் க இருக்கிற அதே கட்டையில்தான் மற்ற ராகங்களில் 'சதுச்ருதி ரி' உட்காரும். ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் ரிசர்வேஷன்! 'நான் ரி இல்லை, க' என்று பாடுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். கயிற்று மேல் நடக்கிற வேலை.

மூணாவது காரணம், பின்னால் நிற்காமல் ஒலிக்கிற தம்புரா. ஸ-வை 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ப 360. மூணுக்கு ரெண்டு விகிதம், வெண்ணெய் மாதிரி ஒட்டும். சுத்த ரி சுமாராக 256. பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஒலி சேர்ந்தால், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் வேகத்தில் ஒரு அதிர்வு கேட்கும் என்பது பிசிக்ஸ். 256-ல் 240 போனால் 16. வினாடிக்கு 16 தடவை 'கரகர'. ப-வுக்குப் பக்கத்தில் ஒட்டுகிற சுத்த த-வும் இதே மாதிரி ப-வோடு உரசும். மாயாமாளவகௌளையிலும் இந்த ரி உண்டு, இந்த உரசலும் உண்டு. ஆனால் அங்கே உரசலைத் தாண்டினதும் அகலமான தெரு வரும். கனகாங்கியில் தாண்டினால் இன்னொரு முட்டுச்சந்து!

ஆக, காது சொல்வது பொய் இல்லை. விவாதியில் நெருடல் நிஜமாகவே இருக்கிறது. பழைய சாஸ்திரத்தில் வாதி சுரத்தை ராஜா என்றும், சம்வாதியை மந்திரி என்றும், அனுவாதியைச் சேவகன் என்றும், விவாதியை எதிரி என்றும் உவமை சொல்லி இருக்கிறார்கள். நெருடலுக்கு வைத்த பேர் அது. 'எதிரி' என்ற அந்த வார்த்தை எப்போதோ ஏட்டை விட்டு இறங்கி வந்து வீட்டுக்கு ஆகாது, ஆயுசுக்கு ஆகாது என்று சுற்ற ஆரம்பித்துவிட்டது.

பயந்தவர்களே தினம் பாடுகிறார்கள்!

இதுதான் இருப்பதிலேயே பெரிய ஜோக். டிசம்பர் சீசனில் ஏதாவது ஒரு சபாவுக்குள் நுழையுங்கள். கேன்டீனுக்குப் போகிற வழியிலாவது காதில் விழும். கச்சேரியைக் கம்பீரமாக ஆரம்பிக்கிற ராகம் எது? பல நாள் நாட்டை. தீட்சிதரின் 'மகா கணபதிம்' அதில்தான் இருக்கிறது. அந்த நாட்டை, 36-வது மேளமான சலநாட்டையைச் சேர்ந்தது. சலநாட்டை ஒரு விவாதி மேளம். ரி, க-வும் மேலே நெருக்கும், த, நி-யும் மேலே நெருக்கும், ரசிகப்ரியா மாதிரியே. ம மட்டும்தான் வேற!

திருவையாறு ஆராதனையில் நூற்றுக்கணக்கான வித்வான்கள் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிற தியாகராஜரின் பஞ்சரத்ன கிருதிகள் ஐந்து. முதல் பாட்டு நாட்டை. நாலாவது பாட்டு வராளி. வராளியின் ரி, க-வும் கனகாங்கி மாதிரி கீழே ஒட்டுகிற விவாதி ஜோடிதான். குரு நேரே உட்கார்ந்து வராளியைச் சிஷ்யனுக்குச் சொல்லித் தரக்கூடாது என்று ஒரு நம்பிக்கையே உண்டு. ஆனாலும் வராளி அழிந்துவிட்டதா? தலைமுறை தலைமுறையாகப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதற்காக, தயங்கினவர்கள் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்லிவிட முடியாது. நாட்டையையே பாருங்கள். கீழே இறங்கும்போது த-வையும் க-வையும் விட்டுவிட்டு, ஸ நி ப ம ரி ஸ என்று தாண்டித்தான் வருவார்கள். தீட்சிதர் வழியிலும் விவாதி மேளங்களில் நேராக ஏறாமல், சுரத்தை விட்டோ வளைத்தோ போகிற பாதை உண்டு. நெருடல் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதைச் சுற்றிக்கொண்டு போகிற புத்திசாலித்தனம் அது. ரோட்டில் பள்ளம் இருந்தால் வண்டியை ஒடிக்கிறோம் இல்லையா, அது மாதிரி.

'சுற்ற வேண்டாம், நேராகவே போகலாம்' என்று கிளம்பினவர்களும் இருக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டில் மகா வைத்தியநாத ஐயர் 72 மேளத்தையும் கோத்து ஒரே ராகமாலிகை பண்ணினார். அதற்கப்புறம் கோடீஸ்வர ஐயர் (1870-1938). கவி குஞ்சர பாரதியின் பேரன். 72 மேளத்துக்கும் தனித்தனியாக, அதுவும் தமிழில், முருகன் மேல் கீர்த்தனை எழுதினார். பேர் 'கந்த கானாமுதம்'. வேங்கடமகி போட்ட லே-அவுட்டில் காலி மனை ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ் வீடு!

வீடு கட்டினால் போதுமா, குடித்தனம் பண்ண ஆள் வேண்டாமா? அங்கேதான் வருகிறார் நம்ம மயிலாப்பூர்க்காரர் எஸ்.ராஜம். வீணை எஸ்.பாலசந்தரின் அண்ணன். 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமராக நடித்தவர். வானொலியில் வேலை பார்த்தவர். ஓவியர் வேற! தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்று மும்மூர்த்திகளின் படம் பல வீட்டுச் சுவரில் மாட்டியிருக்குமே, அந்த உருவங்களை வரைந்தவர் அவர்தான். கோடீஸ்வர ஐயரின் 72 பாட்டையும் பாடிப் பரப்புவதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டார். விவாதி பாடினால் ஆகாது என்று சொன்னவர்களுக்கு நடுவில், வாழ்நாள் முழுக்க விவாதியைப் பாடியும் சொல்லிக்கொடுத்தும் வந்தார். 1919-ல் பிறந்த அவர் மறைந்தது 2010-ல். வயசு 90!

ராஜா கைய வெச்சா...

'இதெல்லாம் சபாக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?' என்று பக்கத்தைத் திருப்பப் பார்க்கிறீர்களா? ஒரு நிமிஷம். நீங்களே முணுமுணுத்த விவாதி உண்டு. 1982-ல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' படத்தில் 'பனி விழும் மலர்வனம்' பாட்டு சலநாட்டை. காதல் பாட்டில் 'எதிரி' சுரம்! எங்கேயாவது உறுத்துகிறதா?

இன்னொன்று, 1985-ல் வந்த 'சிந்து பைரவி'. கர்னாடகப் பாடகன் ஜே.கே.பி. மனசு கட்டுக்கடங்காமல் தவிக்கிற இடத்தில் வருகிற 'மோகம் என்னும்' பாட்டு. ஜேசுதாஸ் குரல். இளையராஜா எடுத்த ராகம் எது தெரியுமா? சாட்சாத் கனகாங்கி! நாம் பிசிக்ஸ் போட்டுக் கண்டுபிடித்தோமே, எங்கேயும் உட்கார முடியாத தவிப்பு என்று, அதைத்தான் அவர் அந்தப் பாத்திரத்தின் மனசாக வைத்துவிட்டார். நெருடலை ஒளிக்கவில்லை, நெருடலுக்கு ஒரு வேலை கொடுத்தார். அந்தப் படத்தின் இசைக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுலயே ஒரு டெஸ்ட்

* முதலில் ஸ-வையும் ப-வையும் விடாமல் ஒலிக்க விடுங்கள். தம்புரா ஆப் இருந்தால் இன்னும் நல்லது. சுருதி இல்லாமல் விவாதியைக் கேட்டால் சப்பென்று இருக்கும்.

* கனகாங்கியை ரொம்ப மெதுவாக ஏறி இறங்குங்கள். முதல் தடவை 'ஏதோ தப்பா வாசிக்கிறோமோ' என்று தோன்றும். பத்தாவது தடவை தோன்றாது. காதும் பழகுகிற ஜீவன்தான்.

* அப்புறம் ரசிகப்ரியா. ஸ-விலிருந்து எடுத்த எடுப்பில் ஒரு தாவல், ப-விலிருந்து த-வுக்கு இன்னொரு தாவல், மற்றபடி ஏறுகிற படியெல்லாம் சின்னச் சின்னது. கனகாங்கி உள்ளே சுருங்கும், ரசிகப்ரியா மேலே மேலே இழுத்துக்கொண்டு போகும்.

* நண்பர்களிடம் சீன் போட ஒரு டிப்ஸ். மேளத்தின் பேரிலேயே நம்பர் ஒளிந்திருக்கிறது. 'கடபயாதி' என்று எழுத்துக்கு எண் கொடுக்கிற முறை. ரசிகப்ரியாவில் 'ர' 2, 'சி' 7. திருப்பிப் போட்டால் 72. கனகாங்கியில் 'க' 1, 'ன' சைபர். திருப்பினால் 01. நானூறு பக்க கைடு தேவையில்லை!

பாட்டி சொன்ன மிச்சக் கதை

இத்தனையும் சேகரித்துக்கொண்டு தி.நகர் வீட்டுக்குப் போனோம். நாட்டையைச் சொன்னோம், வராளியைச் சொன்னோம், 90 வயசைச் சொன்னோம். பாட்டி கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எனக்குப் பதினாறு வயசுல அதே பாட்டை ஆரம்பிச்சுக் கொடுத்தார் எங்க வாத்தியார். பல்லவி, அனுபல்லவி வரைக்கும் ஆச்சு. யாரோ ஏதோ சொன்னா போலிருக்கு. கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணுன்னு நிறுத்திட்டார். சரணம் வரவே இல்லை. நானும் கேக்கலை."

எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பாட்டை வெறுக்கிறார் என்று நினைத்தோம். அறுபது வருஷமாகப் பாதியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

தோழி மெதுவாகப் போய் சுருதிப்பெட்டியை ஆன் பண்ணினாள். இந்தத் தடவை யாரும் அணைக்கவில்லை. பல்லவி... அனுபல்லவி... சரணம் ஆரம்பித்ததும் பாட்டியின் கை கீரையில் அப்படியே நின்றுவிட்டது. பாட்டு முடிந்தது. அவள் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரிஷபம் காந்தாரத்துல போய் ஒட்டிக்கறதுடி. தனியா நிக்கணும்" என்றார் பாட்டி. கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கே, சரணத்தை மட்டும் இன்னொரு தரம் பாடு. நானும் கூட வரேன்."